காரைக்குடிப் பக்கம் ஆர்கானிக், ஹெல்த் சாமான் வாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர்ப் பக்கம் குடியிருப்பவர்களும், கல்யாணம் காதுகுத்து என்று சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்து வீட்டைத் திறந்து நாலு நாள் சமைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கடைப் பெயர் எதுவும் சொல்லவில்லை. எந்த சூப்பர் மார்க்கெட்டுக்குள் போனாலும் அந்த ஒரு வரிசை ஒரே மாதிரிதான் இருக்கிறது: பச்சைப் பலகை, இலைப் படம், பழுப்புக் காகிதப் பை, பக்கத்து வரிசையை விடக் கூடுதல் விலை.

ஆர்கானிக் என்றால் உடம்புக்கு நல்லது என்றுதானே அர்த்தம்?

இல்லை. குழப்பம் எல்லாம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஆர்கானிக் என்பது பயிர் எப்படி விளைந்தது என்பதைப் பற்றியது, அதாவது ரசாயன உரம், பூச்சிமருந்து போடாமல், விதிப்படி வளர்த்தார்களா என்பது. ஹெல்த் என்பது அந்தப் பாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது, அதை எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பது. கடைக்காரர் வசதிக்காக இரண்டையும் ஒரே தட்டில் அடுக்கி வைக்கிறார், நாமும் இரண்டும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்கிறோம். ஆர்கானிக் சர்க்கரையும் சர்க்கரைதான், ஆர்கானிக் மைதாவும் மைதாதான். மறுபக்கம், சான்று எதுவும் இல்லாத சாதாரணக் கொண்டைக்கடலையும் தட்டைப்பயறும் உடம்புக்கு நல்ல சாப்பாடுதான், அதற்கு இலைப் படம் தேவையில்லை.

நிஜமாகவே ஆர்கானிக்தான் என்று பாக்கெட்டைப் பார்த்து எப்படித் தெரிந்துகொள்வது?

முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் திருப்புங்கள். ஆர்கானிக் உணவுக்கான விதிமுறைகளை எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம், 2017-ல் கொண்டுவந்தது. அதன்படி வந்ததுதான் ‘ஜைவிக் பாரத்’ என்ற முத்திரை. அதோடு இரண்டு சான்று முறைகளில் ஒன்று இருக்கும். ஒன்று என்பிஓபி என்ற மத்திய அரசின் ஆர்கானிக் உற்பத்தித் திட்டம், அதற்கு ‘இந்தியா ஆர்கானிக்’ முத்திரை. வெளியிலிருந்து ஒரு நிறுவனம் வந்து சோதித்துத் தரும் சான்று. இன்னொன்று பிஜிஎஸ் இந்தியா, விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் சோதித்துக் கொடுப்பது. இதில் ‘பிஜிஎஸ் கிரீன்’ என்று இருந்தால் நிலம் இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது, முழு ஆர்கானிக் ஆகவில்லை என்று பொருள். ரசாயனம் போட்ட நிலம் ஒரே போகத்தில் மாறிவிடாது, நெல் மாதிரிப் பயிருக்கு இரண்டு வருஷம் ஆகும்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணைக் காட்டி ‘பாருங்க, கவர்ன்மென்ட் சர்டிஃபிகேட் இருக்கு’ என்பார்கள். அது உணவு விற்க வாங்கும் உரிமம், சிப்ஸ் பாக்கெட்டிலும் இருக்கும். ஆர்கானிக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதே போல ‘நேச்சுரல்’, ‘பாரம்பரியம்’, ‘நாட்டு’, ‘கிராமத்து’ என்று எத்தனை வார்த்தை போட்டிருந்தாலும் அதில் ஒன்றுகூட ஆர்கானிக் சான்று ஆகாது.

சந்தையில் ஒருவர் சான்று இல்லாமல் ‘இயற்கை விவசாயம்’ என்று விற்கிறாரே, அது பொய்யா?

பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. சின்ன விவசாயி தான் விளைவித்ததைச் சாப்பிடுபவரிடம் நேரடியாக விற்றால் சான்று கட்டாயமில்லை என்று சட்டமே சொல்கிறது. அவரிடம் பேசுங்கள், எந்த ஊர், கிணற்றுப் பாசனமா கண்மாயா, என்ன உரம், எப்போது அறுத்தது என்று. சொந்த நிலத்தில் விளைந்ததென்றால் பதில் தயாராக வரும், கேட்காததையும் சேர்த்துச் சொல்வார்கள். ஆனால் அதே அரிசியை ஒரு வியாபாரி வாங்கி, அழகாகப் பாக்கெட் போட்டு, ஆர்கானிக் என்று அச்சடித்து சூப்பர் மார்க்கெட் தட்டில் வைத்துவிட்டால் கதை வேறு. அங்கே பேசிப் பார்க்க ஆள் இல்லை. ஒரு கடையில் ஓர் ஆச்சி “தம்பி, இது எந்த ஊர்ச் சாமான்?” என்று கேட்க, அந்தப் பையன் பாவம், “தெரியல ஆச்சி, மதுரையிலேருந்து லோடு வருது” என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது. ஆள் இல்லாத இடத்தில் முத்திரையைத்தான் கேட்க வேண்டும்.

கருப்புக் கவுனி அரிசியை ஊறவைத்தால் தண்ணீர் கருநீலமாக ஆகிறது. சாயம் ஏற்றியிருக்கிறார்களா?

இந்தக் கேள்வி வெளியூரிலிருந்து வந்து வாங்கிப் போகிறவர்களிடமிருந்துதான் வரும். நம் ஊரில் கவுனியின் சாயத் தண்ணீரைப் பார்க்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. பர்மாவுக்குத் தொழிலுக்குப் போன நகரத்தார் கொண்டுவந்த அரிசி என்றுதான் இங்கே வழிவழியாகச் சொல்கிறார்கள், விருந்துகளில் அதில் செய்யும் கவுனரிசி என்ற இனிப்பு இல்லாமல் இருக்காது. நிறம் அதன் தவிட்டில் இருக்கும் ஆந்தோசயனின் என்ற நிறமி, நாவல்பழத்தில் இருக்கும் அதே வகை. தண்ணீரில் கரைவது அதன் இயல்பு.

சந்தேகம் தீரவில்லை என்றால் இரண்டு காரியம் செய்து பாருங்கள். ஒரு மணியை நகத்தால் சுரண்டினால் மேல்தோல் கருப்பாகவும் உள்ளே வெளுப்பாகவும் இருக்கும். அப்புறம், ஊறவைத்த தண்ணீரை இரண்டு டம்ளரில் எடுத்து ஒன்றில் எலுமிச்சம்பழம் பிழியுங்கள், சிவப்பு ஏறும். இன்னொன்றில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுங்கள், நீலமோ பச்சையோ ஆகும். நிறமி இயற்கையானதுதான் என்பதற்கு இது நல்ல அடையாளம். குழந்தைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தால் அவர்களுக்கு ஒரு மத்தியானம் போய்விடும்.

‘பிளாக் ரைஸ்’ என்று வெளியூர் பிராண்டில் வருவது எல்லாம் நம் கவுனி என்று நினைக்க வேண்டாம். கருப்பு அரிசியில் பல ரகம் இருக்கிறது, மணிப்பூரில் கூட ஒன்று உண்டு. பசை குறைந்த ரகத்தில் கவுனரிசி செய்தால் சர்க்கரையும் தேங்காயும் நெய்யும் ஒரு பக்கம், அரிசி ஒரு பக்கமாக நிற்கும்.

அப்படியானால் கவுனி சர்க்கரை நோய்க்கு நல்லதா?

தீட்டின வெள்ளை அரிசியோடு ஒப்பிட்டால் நார் கூடுதல், செரிக்க நேரம் எடுக்கும், அதனால் சர்க்கரை மெதுவாக ஏறும். அதோடு அதன் பெருமை முடிந்தது. அதுவும் மாவுச்சத்துதான், அளவு முக்கியம். சர்க்கரையைக் கொட்டிக் கிளறிய கவுனரிசியை ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு ‘கவுனிதானே’ என்று சொல்லும் ஐயாக்கள் எல்லா வீட்டிலும் உண்டு. இட்லிக்கோ கஞ்சிக்கோ போடுங்கள், மருந்து அளவை மருத்துவரைக் கேட்காமல் மாற்றாதீர்கள்.

கைக்குத்தல் அரிசி என்று போட்டிருக்கிறதே, யார் குத்துகிறார்கள்?

பெரும்பாலும் யாரும் குத்துவதில்லை. புதுவயல் பக்கம் வரிசையாக அரிசி ஆலைகள் இருக்கும் ஊரில் இருந்துகொண்டு உலக்கையைத் தேட வேண்டாம். உமியை மட்டும் மெஷினில் நீக்கி, தவிட்டைத் தீட்டாமல் விடுகிறார்கள். அது தப்பில்லை, சத்து இருப்பது தவிட்டில்தான். ஆனால் தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் காறல் வாடை வரும், வண்டும் வரும். ஆகவே 10 கிலோ சிப்பம் எடுக்காதீர்கள், ஒரு மாசத்துக்குள் தீரும் அளவு போதும். தயாரித்த தேதி எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. தட்டின் பின்வரிசையில் புதிசு இருக்கும், கையை விட்டு எடுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

மரச்செக்கு எண்ணெய் உண்மையானதா என்று எப்படிப் பார்ப்பது?

கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் முதல் வழி. எள்ளில் பாதிக்குப் பாதிதான் எண்ணெய், செக்கில் அதுவும் முழுசாக இறங்காது, கொஞ்சம் புண்ணாக்கோடு போய்விடும். ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்கு இரண்டு கிலோவுக்கு மேல், இரண்டரை கிலோ வரைகூட எள் வேண்டும். ஆட்டும்போது போடும் கருப்பட்டி, கரண்டு, ஆள்கூலி, பாட்டில் எல்லாம் அதன்மேல். புண்ணாக்கு விற்ற காசு கொஞ்சம் திரும்பும், சரி. இப்போது அதே கடையில் எள் கிலோ என்ன விலை என்று பாருங்கள். இரண்டு கிலோ எள்ளின் விலையை விடக் குறைவாக ஒரு லிட்டர் ‘சுத்தமான மரச்செக்கு நல்லெண்ணெய்’ கிடைத்தால் யாரோ நஷ்டத்துக்குத் தொழில் செய்கிறார்கள், இல்லை உள்ளே வேறு எண்ணெய் இருக்கிறது. கடலை எண்ணெய்க்கும் கணக்குக் கிட்டத்தட்ட இதேதான்.

அடுத்தது லேபிள். கலப்பு எண்ணெய் என்றால் அதைச் சொல்லியாக வேண்டும், எந்தெந்த எண்ணெய் எத்தனை சதவீதம் என்றும் போட வேண்டும். பாட்டிலின் முன்பக்கம் மாடு கட்டிய செக்குப் படம் பெரிசாக இருக்கும், ‘பிளெண்டட்’ என்றோ ‘மல்டி சோர்ஸ்’ என்றோ எங்காவது போட்டிருக்கிறதா என்று தேடுங்கள். அடியில் கொஞ்சம் மண்டி தங்கியிருந்தால் பயப்பட வேண்டாம், செக்கு எண்ணெய் அப்படித்தான். வெயில் படும் ஜன்னலோரத் தட்டில் நிற்கும் கண்ணாடிப் பாட்டிலை மட்டும் எடுக்காதீர்கள்.

நம்மைப் போன்ற ஊரில் இருப்பவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி இருக்கிறது. எள்ளோ கடலையோ நல்லதாக வாங்கி, இரண்டு நாள் வெயிலில் காயப்போட்டு, செக்கில் கொண்டுபோய் ஆட்டிக்கொள்ளலாம். கூலி மட்டும்தான். கண் முன்னால் இறங்குகிற எண்ணெய்க்கு லேபிள் எதற்கு?

வெல்லம், நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி: இவை வெள்ளைச் சர்க்கரைக்கு மாற்றா?

ருசிக்கு மாற்று, அதில் சந்தேகமில்லை. கருப்பட்டி போடாமல் கும்மாயம் என்ற உளுந்து மாவு இனிப்பைக் கிளறினால் யார் சாப்பிடுவது! கொஞ்சம் தாது உப்புகளும் உண்டு. ஆனால் மூன்றிலும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான், வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே பொருள். சர்க்கரை நோயாளிக்கு மூன்றும் சர்க்கரைக் கணக்கில்தான் சேரும்.

வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். பளிச்சென்று மஞ்சளாக, கோயில் பிரசாதப் படத்தில் வருவது போல இருக்கும் வெல்லம் ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் போட்டு வெளுத்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். அதில் தங்கும் சல்பர் டைஆக்சைடு கிலோவுக்கு 70 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று வரம்பே இருக்கிறது. பழுப்பும் கருப்புமாக, கொஞ்சம் அழுக்கு நிறத்தில் இருப்பதை எடுங்கள். கருப்பட்டியில் சீனிப்பாகு கலப்பது ஊரறிந்த விஷயம். பனையேறிகள் குறைந்துபோன காலத்தில் வருஷம் முழுக்க, மலிவாக, மலைபோல் கருப்பட்டி குவிந்திருந்தால் அதைப் பற்றி யோசிக்கத்தான் வேண்டும்.

தேன் உறைந்துவிட்டது, கலப்படமா?

இல்லை. குளிரில் உறைவது தேனின் குணம், வெந்நீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும். தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியில் தடவிக் கொளுத்துவது எல்லாம் வேடிக்கைக்குச் சரி, பாகு கலந்திருந்தால் அதில் தெரியாது. ஒரு வயசு ஆகாத குழந்தைக்கு எந்தத் தேனும் நாக்கில் தடவக் கூடாது, அப்பத்தா சொன்னாலும் சரி.

சிறுதானிய நூடுல்ஸ், கேழ்வரகு பிஸ்கட் வாங்கலாமா?

வாங்குங்கள், ஆனால் ஹெல்த் என்று நினைத்து வாங்காதீர்கள். 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு தினை, வரகு, சாமை, குதிரைவாலி என்று பெயர் போடாத பாக்கெட்டே இல்லை. சேர்மானப் பட்டியலில் எடை அதிகமானது முதலில் வர வேண்டும் என்பது விதி. கேழ்வரகுப் படம் போட்ட பிஸ்கட்டைத் திருப்பினால் பெரும்பாலும் இப்படி இருக்கும்: கோதுமை மாவு, சர்க்கரை, பாமாயில், அதற்கப்புறம் நாலாவதாகக் கேழ்வரகு மாவு, பக்கத்தில் அடைப்புக்குறியில் ஒரு சின்ன சதவீதம். இதில் கோதுமை மாவு என்பதற்கு அடுத்து ‘ஆட்டா’ என்று சொல்லவில்லை என்றால் மைதா என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பிரவுன் பிரெட்டும் இதே ஜாதி, நிறம் 150 என்ற எண்ணில் தொடங்கும் கேரமல் என்ற நிறமூட்டியால் வந்திருக்கலாம்.

தானியமாக வாங்குவதில் இந்தத் தொல்லை இல்லை. சாமையும் வரகும் அரிசி மாதிரி வேகிறது, வெள்ளைப் பணியாரத்துக்குப் பச்சரிசியில் பாதியைக் குறைத்துச் சாமை போட்டுப் பாருங்கள், பாதிப் பேர் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

‘சுகர் ஃப்ரீ’, ‘வெள்ளைச் சர்க்கரை இல்லை’: வித்தியாசம் என்ன?

சுகர் ஃப்ரீ என்று போட 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக் கூடாது. ஆனால் மாவு இருக்கலாம், கொழுப்பு இருக்கலாம், மால்டிட்டால் மாதிரி இனிப்பூட்டிகள் இருக்கலாம், அவை சிலருக்கு வயிற்றைக் கலக்கும். ‘வெள்ளைச் சர்க்கரை இல்லை’ என்பது சும்மா, வெல்லமோ பேரீச்சைப் பாகோ போட்டிருப்பார்கள். பின்பக்க அட்டவணையில் ‘ஆடட் சுகர்’ என்று தனி வரி இருக்கும், அதை மட்டும் பாருங்கள். ‘ஒரு பரிமாறலுக்கு’ என்ற கணக்கை நம்பாதீர்கள், அவர்கள் பரிமாறல் இரண்டு பிஸ்கட், நம் வீட்டுப் பிள்ளைகள் பரிமாறல் ஒரு பாக்கெட்.

பிள்ளைகளுக்கு எந்த ஹெல்த் டிரிங்க் நல்லது?

சட்டத்தில் ஹெல்த் டிரிங்க் என்று ஒரு வகையே கிடையாது. அதனால்தான் 2024-ல் மத்திய அரசு ஆன்லைன் கடைகளை அந்தத் தலைப்பின்கீழ் இந்த மாவுகளை வைக்காதீர்கள் என்றது. அதே வருஷம், கெட்டியாக்கிய சாற்றில் தண்ணீர் கலந்து செய்ததற்கு ‘100 சதவீதப் பழச்சாறு’ என்று போடுவதையும் நீக்கச் சொன்னார்கள். பாலைக் காய்ச்சிக் கொடுங்கள். மாவு வேண்டும் என்றால் உளுந்து, பாசிப்பயறு, பச்சரிசி வறுத்துத் திரித்த கும்மாய மாவு இருக்கிறது, ஆடிக்கு மட்டும்தான் கிளற வேண்டும் என்று சட்டமா என்ன.

பழுப்பு முட்டை என்றால் நாட்டுக்கோழி முட்டைதானே?

இல்லை. ஓட்டின் நிறம் கோழி இனத்தைப் பொறுத்தது, பண்ணையிலேயே பழுப்பு முட்டை இடும் கோழிகள் உண்டு. வெள்ளை முட்டையைத் தேயிலைச் சாயத்தில் முக்குவதும் நடக்கிறது. மஞ்சள் கருவின் நிறம் தீவனத்தால் வருவது. நாட்டுக்கோழி முட்டை பொதுவாகச் சின்னது, ஒன்றுக்கொன்று அளவும் நிறமும் மாறும். முப்பதும் அச்சில் வார்த்தது போல இருந்தால் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

இந்துப்பு, ஆர்கானிக் உப்பு?

உப்பு பயிர் இல்லை. அதற்கு ஆர்கானிக் என்று போடுவதே பொருந்தாது. இந்துப்பில் தாது உப்புகள் இருப்பது உண்மை, நாம் போடும் அளவில் அது ஒன்றுக்கும் காணாது. அயோடின் சேர்க்காத இந்துப்புக்கு வீடே மாறிவிட்டால் தைராய்டுக்கு வேண்டியது கிடைக்காமல் போகும், கர்ப்பிணி இருக்கும் வீட்டில் இது முக்கியம்.

எல்லாவற்றையும் ஆர்கானிக்கில் வாங்கக் கட்டுப்படியாகாது. எதற்குக் காசு கொடுக்கலாம்?

என் கணக்கு இது, உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம். தினமும் வயிற்றுக்குள் போவது எதுவோ அதற்கு முதலில்: அரிசி, பருப்பு. அப்புறம் தோலோடு, இலையோடு சாப்பிடுவது: கீரை, கொத்தமல்லி, திராட்சை. இதில் கீரைக்கு சூப்பர் மார்க்கெட்டே வேண்டாம், கொல்லையில் ஒரு முருங்கை நின்றால் போதும். சான்று இல்லாத காயை ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள், புளித்தண்ணீரில் ஊறவைத்தாலும் மேலே ஒட்டியிருப்பதுதான் போகும், உள்ளே ஏறிய மருந்து போகாது.

மிளகாய்த்தூள், மஞ்சள்தூளில் ஆர்கானிக்கை விடக் கலப்படம் பெரிய கவலை. முழுசாக வாங்கி மில்லில் திரித்துக்கொள்ளுங்கள், செட்டிநாட்டு மசாலா என்று அட்டைப்பெட்டியில் வருவதைக் காரைக்குடியில் உட்கார்ந்து வாங்குவது எனக்கு இன்னும் புரியாத விஷயம். மசாலாவில் போடும் கல்பாசி மரத்திலும் பாறையிலும் தானே படர்வது. காட்டில் சேகரித்ததற்கும் சான்று முறை உண்டு, ஆகவே ‘ஆர்கானிக் கல்பாசி’ பொய்யில்லை, ஆனால் குழம்புக்கு ஒரு சிட்டிகை போடுவதற்கு இரட்டை விலை எதற்கு? பிஸ்கட், சிப்ஸ், சர்க்கரை இவற்றில் ஆர்கானிக்குக்காக ஒரு ரூபாயும் கூடக் கொடுக்க மாட்டேன். சியா விதையும் அப்படித்தான், எங்கோ மெக்சிகோப் பக்கத்துப் பயிர். அதன் நல்லதில் பெரும்பகுதி நம் ஆளி விதையிலேயே இருக்கிறது, பொடித்துச் சாப்பிட்டால்.

விலையை ஒப்பிடும்போது பாக்கெட் விலையைப் பார்க்காதீர்கள், 400 கிராமும் 450 கிராமும் ஒரே உயரத்தில் நிற்கும். ஒரு கிராமுக்கோ கிலோவுக்கோ என்ன விலை என்று எம்ஆர்பி பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள்.

வாங்கியது சரியில்லை என்றால் யாரிடம் சொல்வது?

முதலில் கடையில். பில்லையும் பாக்கெட்டையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், பேட்ச் எண் கிழியாமல் பாக்கெட்டை வெட்டுவது நல்ல பழக்கம். காலாவதி ஆனதை விற்றார்கள், லேபிளில் பொய் இருக்கிறது என்றால் உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் கொடுக்கலாம், நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. கவுனியிலும் சிறுதானியத்திலும் வண்டு என்பதற்கெல்லாம் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது, பில்லோடு போனால் பெரும்பாலும் அங்கேயே மாற்றித் தந்துவிடுவார்கள்.